குழிக்கு மட்டும் வெளிச்சம்

மனு கொடுத்தால் மூன்று நாளில் ரசீது, ஒரு மாதத்தில் பதில். இது விதி. சர்வீஸ் முழுக்க அடுத்தவர் மனுக்களுக்கு நான் அமல்படுத்திய விதி. ரிட்டயர் ஆனபின் நானே ஒரு மனு கொடுத்தேன்...

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருமுனையில் சாக்கடை மேல் ஒரு சிலாப் இல்லை. சரியாக அங்கேதான் முதல் ஷிப்ட் கம்பெனி பஸ் நிற்கும். விடியாத ஐந்தரை மணிக்கு, பஸ்ஸைப் பார்த்து ஓடிய செல்வி குழிக்குள் போய்விட்டாள். என் வீட்டு மாடியில் குடியிருப்பவள். தென்காசிப் பக்கம். கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கணுக்காலில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

"கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இடம் வச்சிருப்பேன். மறுநாள் வரலைன்னா வேற ஆள்" என்று சொல்லிவிட்டார் சூப்பர்வைசர்.

மறுநாள் என்றால்? அதே இருட்டு, அதே குழி.

"நீ கட்டுப் பிரிக்கிறதுக்குள்ள அங்கே சிலாப் இருக்கும்மா" என்றேன்.

"நீங்க மனு எழுதி முடிக்கதுக்குள்ள என் எலும்பு சேர்ந்துரும் அண்ணாச்சி" என்றாள்.

முதல் மனுவோடு பகலில் எடுத்த போட்டோவை இணைத்தேன். சம்பந்தப்பட்ட அலுவலக கிளார்க் அதை உற்றுப் பார்த்தார்.

"குழி நல்லாத்தானே தெரியுது சார்? பாத்து நடக்க வேண்டியதுதானே?"

நியாயம்! மறுநாள் ஐந்தரைக்கே டிஜிட்டல் கேமராவோடு போனேன். பஸ், அதன் வெளிச்சம், ஏறுகிற கூட்டம் எல்லாம் படத்தில் விழுந்தது. குழி மட்டும் இருட்டோடு இருட்டு.

"இதுல குழி எங்கே சார்?" என்றார் கிளார்க்.

விடுவேனா? மகன் விட்டுப் போன கம்ப்யூட்டரில் போட்டோஷாப் இருந்தது. குழியைச் சுற்றிக் கட்டம் போட்டேன். கட்டத்துக்குள் மட்டும் வெளிச்சத்தை ஏற்றினேன். குழி பளிச்சென்று வந்தது. வெற்றி!

கிளார்க் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "வேற எங்கேயோ இருக்கிற குழியை வெட்டி ஒட்டியிருக்கீங்க. பெரிய மனுஷர் செய்யற வேலையா சார் இது?"

குழி நிஜம். படம் நிஜம். என் கட்டத்தின் ஓரம் மட்டும் கத்தியால் வெட்டியது போல நின்றது. அதற்குள் நான்கு வாரம் ஓடிவிட்டது.

பாகலூர் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அக்பர் பாயிடம் போனேன். பார்த்ததும் சிரித்தார்.

"சார், தினம் பத்து கல்யாணப் பொண்ணுக்கு முகத்தை வெளுப்பாக்கறவன் நான். முகம் வெள்ளை, கழுத்து கருப்புன்னு விட்டா ஆல்பத்தாலயே என் மண்டையில போடுவாங்க. ஓரத்தைக் கரைக்கணும் சார். ஃபெதர்."

வீட்டுக்கு வந்து ஃபெதரைக் கூட்டினேன். குழியைச் சுற்றி ஒளிவட்டம் — சாமி படம் மாதிரி! மறுபடி பாயிடம் ஓடினேன்.

"கட்டத்தைத் தூக்கிப் போடுங்க. படத்து மேல மாஸ்க்னு ஒரு திரை போட்டு, மெத்துன்னு ஒரு பிரஷ். பத்து பர்சென்ட் வேகத்துல தடவுங்க. பஸ் லைட்டு எந்தப் பக்கம் இருந்து வருது? அந்தப் பக்கம் கொஞ்சம் கூட, இந்தப் பக்கம் கொஞ்சம் கம்மி. வெளிச்சம் எங்கேயாவது கோடு போட்டு நிக்குமா சார்?"

மூன்று நாள் தடவினேன். தடவியதை அழித்தேன், திரும்பத் தடவினேன். கடைசியில் வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. விதிமுறைக்காரன் இல்லையா... கை வைக்காத படத்தையும் கூடவே இணைத்து, 'குழிப் பகுதி மட்டும் வெளிச்சமாக்கப்பட்டது' என்று அடியில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கிளார்க் அடிக்குறிப்பைப் படிக்கவே இல்லை. "அடேயப்பா, இவ்வளவு ஆழமா!" என்று படத்தை ஆபீசரிடம் எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஒன்று புரிந்தது. பொய்யை நம்ப வைக்கத்தான் பூசி மெழுக வேண்டும் என்று நினைத்திருந்தேன். நிஜத்துக்கும் ஓரம் கரைக்க வேண்டியிருக்கிறது!

ஆறாவது வாரம், புதன்கிழமை, இரண்டு பேர் வந்து சிலாப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை செல்விக்குக் கட்டுப் பிரித்தார்கள். சனிக்கிழமை ஐந்தரைக்கு நானும் டார்ச்சோடு தெருமுனைக்குப் போனேன். செல்வி புது சிலாப் மேல் நின்று, குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"கெட்டியாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றபடி பஸ் ஏறினாள்.

பகல் தபாலில் என் மனுவுக்குப் பதில் வந்தது: 'மேற்படி இடத்தில் குழி உள்ளதா என்பது பரிசீலனையில் உள்ளது.'

பழக்கதோஷம், அதன் மேல் 'கிடைத்தது' என்று எழுதித் தேதி போட்டேன் — அதே சனிக்கிழமை.