கார் சாவியும் மற்ற சாவிகளும்

என் சம்பளத்தில் வாங்கிய பழைய கார் அது. விற்றவர் ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார். அதை வீட்டுச் சாவிக்கொத்தில் மாட்டினேன். அந்தக் கொத்தில் முன்கதவு, பின்கதவு, கேட், பீரோ, மோட்டார் கொட்டகை, கம்பெனி லாக்கர், ஊருக்குப் போகும்போதெல்லாம் நாத்தனார் விட்டுவிட்டுப் போகும் அவள் வீட்டுச் சாவிகள் எல்லாம் உண்டு. போதாததற்கு மாமியார் கோயிலில் வாங்கிப் போட்ட பித்தளை வேல் ஒன்று. என் வீட்டுக்காரர் சாவியைத் தொலைப்பார், மாமியார் வைத்த இடத்தை மறப்பார். அதனால் மொத்தமும் என் தலையில்.

கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பல வருஷம் தரம் பார்க்கும் மேசையிலேயே உட்கார்ந்து கிடந்த பிறகு, காலை ஷிப்டுக்கு இன்சார்ஜ் ஆகிறீர்களா என்று மேனேஜர் கேட்டார். பெரியபாளையம் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு அந்த நேரத்தில் கம்பெனி பஸ் வராது. சொந்த வண்டியில் வர முடியும் என்றால் மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்றார். கார் இருக்கிறதே என்று மனதுக்குள் அப்போதே சரி சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அது நிற்க ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று மூச்சு நின்றுவிடும். திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். சில நாள் நிற்கவே நிற்காது.

வீட்டில் சொன்னேன். என்னவர் சிரித்தார்.

"கிளட்ச்ச டபக்குனு வுட்டா வண்டி நிக்காம இன்னா பண்ணும்?"

ஞாயிற்றுக்கிழமை கொத்திலிருந்து கார் சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு திருவள்ளூர்வரை போய்வந்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. "நான் ஓட்னா மட்டும் எப்டி ஓடுது?" என்று மாமியார் முன்னால் கேட்டார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மெக்கானிக்கிடம் விட்டேன். அங்கும் கார் சாவியை மட்டும் கழற்றித்தான் கொடுத்தேன். வீட்டுச் சாவியை எந்த மெக்கானிக்கிடம் யார் கொடுப்பார்கள்? அவர் பெட்ரோல் பம்ப்பைப் பார்த்தார், பிளக்கை மாற்றினார், ஊரைச் சுற்றி ஓட்டியும் பார்த்தார்.

"வண்டி சூப்பரா கீது மேடம். சார் கூடவே ஒக்காந்துகினு கொஞ்ச நாள் ஓட்டிப் பழகுங்க."

பத்து வருஷமாக ஓட்டுகிறவளிடம் இதைச் சொன்னார். அதைவிடக் கேவலம், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொரு கியருக்கும் காலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மாதக் கடைசி நெருங்கிய ஒரு காலையில் புதுவாயல் கூட்டுரோட்டில், நெடுஞ்சாலைக்கு ஏறும் இடத்துப் பள்ளத்தில் கார் நின்றது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரி ஒரு முழம் தள்ளி நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். திரும்ப ஸ்டார்ட் செய்யச் சாவியைப் பிடித்தபோதுதான் கவனித்தேன். கிளட்ச் விட்டு வண்டி நின்றால் மீட்டரில் சிவப்பு விளக்குகள் எரியும். இப்போது மீட்டரே இருண்டு கிடந்தது. கொத்தை உள்ளங்கையில் தாங்கித் தூக்கினேன். விளக்குகள் வந்தன. கீழே விட்டேன். போயின.

ஓரம் கட்டி நிறுத்திவிட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான். மெக்கானிக்கிடமும் என் வீட்டுக்காரரிடமும் நிற்காமல் ஓடியது ஏன் என்று விளங்கிவிட்டது. அவர்கள் ஓட்டியது கொத்தில்லாத வெறும் சாவியில். இத்தனை சாவியின் கனமும் தொங்கித் தொங்கி, சாவி திரும்புகிற இடத்தில் இருக்கும் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. பள்ளத்தில் கொத்து ஆடினால் கரண்ட் அறுந்துவிடுகிறது.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"சாவி வெயிட்ல இஞ்சின் நிக்குமா? யார்கிட்ட கத வுட்ற?"

வாசலிலேயே இஞ்சினை ஓடவிட்டுக் கொத்தை ஒரு ஆட்டு ஆட்டினேன். நின்றது. அவர் உள்ளே போய் டிவி போட்டார். ஒரு வார்த்தை, 'நீதான் சரி' என்று ஒரு வார்த்தை வருமென்று சோறு போடும்வரை காத்திருந்தேன்.

மறுநாள் அவரே காரை எடுத்துப்போய் சுவிட்சை மாற்றிவந்தார். அதற்குள் கதையும் மாறிவிட்டது. "மெக்கானிக்கு கண்டுபுட்ச்சிட்டாரும்மா. எல்லாம் இவ மாட்டின சாவிக்கொத்தால வந்த பேஜாரு" என்று தன் அம்மாவிடம் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு கொத்தை என்னிடம் நீட்டினார். அதில் கார் சாவி இல்லை.

"இத்தோட சேத்து மாட்டக் கூடாதாம். அது எங்கிட்டயே இருக்கட்டும்."

"காலை ஷிப்டுக்கு எனக்கு வண்டி வேணுமேங்க."

"லாரிக்காரன் மேல ஏத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்? அந்த வேலயே நமக்கு வேணாம். இருக்கிற வேலைக்கு பஸ்ல போய்க்கினு வா."

லாரி கதையை அவரிடம் சொன்னவளும் நான்தான். இன்சார்ஜ் வேலை எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவனுக்குப் போயிற்று. நான் பழைய மேசைக்கே கம்பெனி பஸ்ஸில் போகிறேன். அவருக்குக் காட்டுப்பள்ளியில் வேலை, அவரும் கம்பெனி பஸ்ஸில்தான் போகிறார். கார் வாரம் முழுக்க வீட்டு வாசலில், பூட்டிய கேட்டுக்கு உள்ளே நிற்கிறது. கேட்டின் சாவி என் கொத்தில் இருக்கிறது.