கரண்ட் போனபோது ரத்னம்மா சொன்னது

கண் இமையில் பஞ்சு ஒட்டிக்கொண்டால் எதிரே வருகிற ஆள் மங்கலாகத் தெரிவார். துடைத்தால் மறுபடியும் ஒட்டும். ஓசூர் மில்லில் சூப்பர்வைசராகச் சேர்ந்த புதிதில் நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்... பிறகு விட்டுவிட்டேன்.

பஞ்சு பழகிவிட்டது. சத்தம்தான் பழகவில்லை.

ஸ்பின்னிங் ஷெட்டில் எல்லா மிஷினும் ஒன்றாக ஓடும்போது, பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். தமிழ் பாதி, தெலுங்கு பாதி... கோபம் வந்தால் கன்னடம்.

நானோ பிறவியிலேயே மெல்லிய குரல்காரன். டெக்ஸ்டைல் டிப்ளமோவை நல்ல மார்க்கில் முடித்தவன்தான். ஆனால் வகுப்பில் 'பிரசன்ட் சார்' என்றால் வாத்தியார் நிமிர்ந்து என்னைத் தேடுவார். முதலில் சேர்ந்த மில்லில், ஆட்களை வேலை வாங்கத் தெரியவில்லை என்று புரொபேஷன் முடிவில் அனுப்பிவிட்டார்கள். ஓசூர் எனக்கு இரண்டாவது வாய்ப்பு. புது மனைவியை அழைத்துவந்து ராயக்கோட்டை ரோட்டில் ஒரு ஓட்டு வீட்டில் குடிவைத்திருந்தேன். இங்கேயும் அனுப்பிவிட்டால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது... எந்நேரமும் அதே யோசனை.

மேனேஜர் நல்லவர். மனதில் பட்டதை நேராகச் சொல்லிவிடுவார்.

"சர்ட்டிபிகேட் எல்லாம் பிரமாதமா இருக்கு தம்பி. சத்தம்தான் வரமாட்டேங்குது. ஷெட்டுல ஒருத்தராவது உங்களுக்குப் பயப்பட வேணாமா? மாசக் கடைசியில உங்களப் பத்தி நான் என்னன்னு எழுதறது?"

கத்திப் பழகலாம் என்று ஒருநாள் வீட்டில் தனியாக இருந்தபோது முயன்றேன். பக்கத்து வீட்டம்மா தடியோடு ஓடிவந்து, "பாம்பாங்க? எங்க?" என்றார். அதோடு சரி.

எனவே எனக்குத் தெரிந்த வழியிலேயே வேலை பார்த்தேன். ஒரு மிஷினில் நூல் அடிக்கடி அறுந்தால், அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைத் திட்டாமல் முதலில் மிஷினைப் பார்ப்பேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, வரிசையாக. ஏதாவது தேய்ந்திருந்தால் பிட்டரைக் கூட்டிவந்து மாற்றச் சொல்வேன். அதுவரை கூடவே நின்று, அறுந்த நூலை ஒட்டிக்கொடுப்பேன். சூப்பர்வைசர் செய்கிற வேலைதானா இது என்று எனக்கே சந்தேகம். யாரிடமும் கேட்கவில்லை.

மாசக் கடைசி வந்தது. காலை ஷிப்ட். மேனேஜர் என்னைக் கூட்டிக்கொண்டு ஷெட்டைச் சுற்றினார்.

ரத்னம்மாவின் மிஷினுக்குப் பின்னால் வந்து நின்றோம். ரத்னம்மா தளி ஊர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிறவர், என் வயதுதான் இருக்கும். அந்த ஷெட்டிலேயே பெரிய குரல் அவருடையது. எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு, பக்கத்து மிஷின் ஸ்டெல்லாவின் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தலை அசைவதுதான் தெரிந்தது.

அப்போது கரண்ட் போய்விட்டது.

மிஷின்கள் முனகிக்கொண்டே ஓய்ந்தன. திடீரென்று அப்படி ஒரு அமைதி. மில்காரர்களுக்கு அந்த அமைதி உடனே உறைக்காது. காதுக்குள் இரைச்சல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ரத்னம்மா அதே குரலில் தொடர்ந்தார்...

"...ஊமைக்கோட்டான் மாதிரிதான் இருக்காரு, இல்லேங்கல! ஆனா நூலு அறுந்தா நம்மள திட்டாம மிஷின பாக்கற ஒரே ஆளு இந்த சின்ன சாருதான்டி! இவர அனுப்பிட்டு, இந்த மேனேஜராட்டம் இன்னொரு கத்தற ஆள கொண்டாந்தாங்கன்னு வெச்சுக்கோ... நான் ஊருக்கே போயி ராகி அறுக்கறேன்!"

ஷெட் முழுக்கக் கேட்டது. ஸ்டெல்லா கண்ணை உருட்டி எங்கள் பக்கம் காட்டினார். ரத்னம்மா திரும்பிப் பார்த்தார்... முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே மிஷினுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

என் வேலையும் போச்சு, அவர் வேலையும் போச்சு என்று நினைத்தேன்.

மேனேஜரோ தோள் குலுங்கச் சிரித்தார்.

"யம்மா, நீ ராகி எல்லாம் அறுக்க வேணாம், எந்திரி. ஊமைக்கோட்டான் சார்... நீங்க ஆபீசுக்கு வாங்க."

அங்கே என்னை உட்காரவைத்து டீ வரவழைத்தார். "பயப்பட ஆள் இல்லேன்னு நெனச்சேன். உங்களுக்காகப் பேச ஆள் இருக்கே, இது அதவிட மேல" என்றார். அன்றைக்கே கன்பர்ம் பண்ணி எழுதிவிட்டார்.

அந்த ஒரு காகிதத்தில்தான் எங்கள் குடும்பம் ஓசூரில் வேர் விட்டது. பிள்ளைகள் இங்கேயே படித்தார்கள். மாமனார் வந்து தங்கி, ஊரெல்லாம் என்னைப் பெருமையாகப் பேசினார்.

ரத்னம்மாவுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன். ஷெட்டில் மெல்லச் சொன்னால் அவருக்குக் கேட்காது. கத்திச் சொன்னால் எல்லோருக்கும் கேட்கும்... அப்படியே தள்ளிப்போனது.

இன்று மில் இருந்த இடத்தில் அப்பார்ட்மென்ட். இளநீர்க்காரரிடம் மில் ஸ்டாப் எது என்று கேட்டால் தெரியாது. காலையில் கம்பெனி பஸ்கள் பெண்களை வரிசையாக ஏற்றிக்கொண்டு போகின்றன. இப்போதெல்லாம் சத்தமான இடத்தில் காதுக்குப் பஞ்சு மாதிரி ஏதோ கொடுக்கிறார்களாம். நல்லது. எங்களுக்குக் காதில் விழுந்ததெல்லாம் நிஜப் பஞ்சுதான். என் காது இப்போது மிஷினை நம்பித்தான் இருக்கிறது.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அந்தக் காது மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். "சின்ன சார்!" என்று ஒரு குரல். மிஷின் இல்லாமலே தெளிவாகக் கேட்டது. திரும்பினால், நரைத்த தலையோடு ரத்னம்மா. பேத்தியைப் பார்க்கக் கிருஷ்ணகிரி போகிறாராம்.

நன்றி சொன்னேன். காதில் கையை வைத்து, "ஏமி சார்?" என்றார். மறுபடி சொன்னேன். அவர் காதும் போய்விட்டது, மில்லோடு. அவர் ஏறவேண்டிய பஸ்ஸும் கிளம்பப் பார்த்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பொது இடத்தில் கத்தினேன்.

"அன்னிக்கு நீங்க சொன்னதாலதாம்மா என் வேலை நிலைச்சுது! ரொம்ப நன்றிம்மா!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார்.

ரத்னம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அதே பழைய குரலில் சொன்னார்.

"அய்யோ சார், கேக்குது... எதுக்கு இப்படி கத்தறீங்க!"