பின்னோக்கி ஏறிய மாடல் டி

சுவிட்சர்லாந்தின் பீல் நிலையத்தில் நான் இறங்கியபோது காலை ஒன்பதரை. நான் குடியிருக்கும் சூக்கிலிருந்து சூரிச்சில் ரயில் மாறி வந்தது; அரைக்கட்டண அட்டை இருந்தும் முப்பது பிராங்குக்குக் கிட்ட ஆயிற்று. மே மாதச் சனிக்கிழமை. வெயில் இருந்தது, சூடு இல்லை. இந்த நாட்டு வெயிலை நம்பி ஸ்வெட்டரைக் கழற்றுகிறவர்கள் புதிதாக வந்தவர்கள். நான் மதுரையிலிருந்து வந்து பதினொரு வருஷம் ஆகிறது; கழற்றவில்லை.

நூறு வயதான ஒரு காரில் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர் போவதற்காக வந்திருந்தேன். கார், அமெரிக்காவில் டிட்ராய்ட் பக்கம் செய்யப்பட்ட மாடல் டி. சொந்தக்காரர் குகன். யாழ்ப்பாணத்துக்காரர், பீலில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் பாகம் பொருத்துகிற வேலை. அவர் மனைவி சாந்திக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நான் நடுவராகப் போனபோது ஏற்பட்ட பழக்கம். முந்தின வாரம் குகன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, காரை விக்கிறன். கொண்டுபோய்க் குடுக்கிற ஓட்டம்தான் கடைசி. வாறதெண்டால் வாங்கோ."

நிலையத்திலிருந்து பேருந்தில் பத்து நிமிடம். ஒரு பழைய மரக் கொட்டகைக்குள் கார் நின்றது. கறுப்பு நிறம், ஒல்லிச் சக்கரங்கள், மேலே மடக்குகிற துணிக்கூரை. முதல் பார்வையில் குதிரையை அவிழ்த்துவிட்ட கோச்சு வண்டி மாதிரிதான் இருந்தது. விற்கிற காரணத்தைக் குகன் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். கொட்டகையை அடுத்த மாதம் இடிக்கிறார்கள். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில் நிறுத்தலாம் என்றால், எண்ணெய் சொட்டுகிற வாகனத்துக்கு அங்கே அனுமதி இல்லை.

"கீழை தட்டு வைக்கிறன் எண்டு வெர்வால்டுங்குக்குச் சொன்னனான்," என்றார். கட்டட நிர்வாகத்தை இங்கே எல்லாத் தமிழரும் அப்படித்தான் சொல்வது. "தட்டும் வைக்கக்கூடாதாம். இந்தக் கார் சொட்டாமல் நிண்டால் உள்ளுக்கை எண்ணெய் இல்லை எண்டு அர்த்தம். அது அவைக்கு விளங்கேல்லை."

வாங்குகிறவர் லா ஷோ-து-ஃபோன் ஊருக்குச் சற்று முன்னால், மலைமேல் பண்ணை வைத்திருக்கும் ஓய்வுபெற்ற மனிதர். பழைய கார்கள் சேர்ப்பவர். முன்பொரு முறை லாரியில் ஏற்றிவந்த காரை வாங்கினார், அது அப்புறம் ஓடவே இல்லையாம். அதனால் ஒரே நிபந்தனை: மாடல் டி தன் சக்கரத்தில் அவர் வாசலுக்கு ஏறி வரவேண்டும். வந்தால் வாங்குகிறார். வராவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்.

சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. அது கழிந்துதான் கிளம்ப வேண்டும் என்பது சாந்தியின் உத்தரவு. கொட்டகை வாசலில் ஊதுபத்தி கொளுத்தி, முன்சக்கரம் இரண்டுக்கும் அடியில் தேசிக்காய் வைத்துவிட்டார். எலுமிச்சம்பழத்துக்கு அவர்கள் ஊர்ப் பெயர் அது. வண்டி நகரும்போது அது நசுங்கவேண்டும். அதுதான் பயணத்தின் தொடக்கம். பழம் வைக்க இடைஞ்சலாக இருந்த இரண்டு மரக்கட்டைகளை எடுத்து ஓரமாகப் போட்டிருந்தார். அந்தக் கட்டைகள் எதற்கு என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பத்து மணி வாக்கில் எஞ்சினைச் சூடாக்கி வைக்கலாமென்று குகன் முன்னால் குனிந்து ஹாண்டிலைப் பிடித்துச் சுழற்றினார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. கார் மெல்ல அவர் மேல் வந்தது. குளிரில் எண்ணெய் இறுகிக் கிடந்தால் இந்தக் கார் கிளட்சை மதிக்காமல் தானே நகரும். அதைத் தடுக்கத்தான் கட்டைகள். குகன் இரண்டு கையாலும் ரேடியேட்டரைத் தள்ளிப் பார்த்தார், பின்னால் போனார், விலகினார், சுற்றி ஓடிவந்து லீவரை இழுத்தார். கார் நின்றது. அதற்குள் இரண்டு பழமும் கூழ்.

"ஐயோ! ராகுகாலத்திலை தேசிக்காய் நசிஞ்சு போச்சே!"

"சாந்தி, கார் என்னிலை ஏறப் பாத்தது."

"அதுக்கு நான் என்ன செய்ய? இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு! ஆர் உங்களை இப்ப ஸ்டாட் பண்ணச் சொன்னது?"

"நீர் ஏன் கட்டையை எடுத்தனீர்?"

பயணம் தொடங்கிவிட்டதா இல்லையா என்பதில் ஐந்து நிமிடம் விவாதம். கார் கொட்டகை வாசலைத் தாண்டவில்லை, ஆகவே இது கணக்கில்லை என்று கடைசியில் சாந்தியே தீர்ப்புச் சொன்னார். பையிலிருந்து வேறு இரண்டு பழங்கள் வந்தன. பத்து முப்பத்தைந்துக்கு அவை முறைப்படி நசுங்கின. இம்முறை கட்டைகள் என் மடியில் பத்திரமாக இருந்தன.

நெடுஞ்சாலையில் இந்தக் காருக்கு இடமில்லை. அந்த வேகம் வராது. ஆற்றுப் பள்ளத்தாக்கின் பழைய சாலையைப் பிடித்து சோன்செபோஸ் வரை போய், அங்கிருந்து சென்-திமியே பள்ளத்தாக்கில் திரும்பினோம். வேகம் மணிக்கு நாற்பது. எங்களுக்குப் பின்னால் எப்போதும் ஏழெட்டு கார்கள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை, முந்தும்போது கையசைத்தார்கள். மின்சைக்கிளில் ஓர் அம்மாள் எங்களை முந்திப் போனார். அவரும் கையசைத்தார்.

காலடியில் மூன்று பெடல். இடதைப் பாதி மிதித்தால் நியூட்ரல், முழுக்க மிதித்தால் முதல் கியர், விட்டால் மேல் கியர். நடுவில் இருப்பது ரிவர்ஸ். வலதுதான் பிரேக். எரிபொருளைக் கூட்டுவது கையால். இன்றைக்கு ஓட்டத் தெரிந்த எவரும் இதில் ஏறினால் ஓட்டத் தெரியாதவர் ஆகிவிடுவார். ஆனால் அந்தக் காலத்தில், கார் என்பதையே தொட்டிராத குடியானவனும் கடைக்காரனும் ஓட்டட்டும் என்றுதான் இதைச் செய்தார்கள். 1908இல் தொடங்கி ஏறக்குறைய இருபது வருஷம், ஒன்றரைக் கோடிக்கு மேல். நடுவில் பல வருஷம் கறுப்பைத் தவிர வேறு நிறமே கிடையாது. கார் நின்ற இடத்தில் நிற்க ஆட்கள் சுற்றிவந்து வேலை செய்தது போய், ஆட்கள் நிற்க கார் நகர்ந்துபோகிற ஏற்பாடு இதற்காகத்தான் அமைந்தது. விலை இறங்கியது, வேலைக்காரனே வாங்க முடிந்தது. ஓர் ஆளுக்கு ஓர் ஆணி என்கிற வாழ்க்கையும் அப்படித்தான் வந்தது.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் கிழக்கே கிரவ்புண்டன் மாநிலம் கார்களுக்குத் தடை போட்டிருந்தது. எல்லைக்கு வந்த காரை எஞ்சினை அணைத்துவிட்டு மாடு, குதிரை கட்டி இழுத்துப் போனார்களாம். 1925இல் வாக்கெடுத்துத்தான் தடையை நீக்கினார்கள். குகனிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப வெர்வால்டுங் அண்டைக்கே இருந்திருக்கு," என்றார்.

சென்-திமியேயில் காப்பிக்கு நிறுத்தினோம். ஒரு கோப்பை நாலு பிராங்கு அறுபது. சாந்தி சிற்றுண்டிப் பொட்டலத்தைப் பிரித்து, கடைக்காரர் பார்க்காதபோது எனக்கு ஒரு கட்லட் தள்ளினார்.

"உங்களுக்கு இதில இப்படி என்ன பைத்தியம் அண்ணே?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, எங்கடை வேலையைக் கண்டுபிடிச்சதே இந்தக் கார்தான்," என்றார். "இருபத்தொரு வருசமா நான் ஒரே ஒரு குட்டிச் சக்கரத்தைத்தான் வைக்கிறன். வைச்சுத் தள்ளிவிட்டால் அடுத்தாள் அடுத்ததை வைப்பான். ஒரு முழு மணிக்கூடு நான் ஒருநாளும் பூட்டேல்லை. முதுகு ஒப்பரேசனுக்கு ரெண்டு மாசம் லீவிலை நிண்டனான். திரும்பிப் போனால், என்ரை கதிரையிலை இருந்த பொடியன் அச்சொட்டா என்னை மாதிரியே வைக்கிறான். ஒருத்தருக்கும் நான் இல்லாதது தெரியேல்லை." காப்பியை முடித்தார். "இது ஆறு பெட்டியிலை சாமானா வந்தது. ஒவ்வொரு ஆணியும் நான்தான் பூட்டினது. நான் இல்லாட்டி இது ஓடாது."

"நாங்களும் ஆறு வருசம் சனி, ஞாயிறு புருசன் இல்லாமல்தான் இருந்தனாங்கள்," என்றார் சாந்தி. "போகட்டும், கண்காணாத இடத்துக்குப் போகட்டும்."

ரெனான் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்கியது. மணி ஒன்று இருக்கும், பண்ணைக்குப் பிரிகிற சிறு பாதை வந்தது. பதினெட்டு சதவீத ஏற்றம் என்று பலகை. மேலே கட்டடம் தெரிந்தது. வாசலில் ஒரு கிழவர் இடுப்பில் கைவைத்து நின்றார். பாதி ஏற்றத்தில் எஞ்சின் இருமியது. மறுபடி இருமி, நின்றுபோயிற்று. நான் குதித்து இறங்கிப் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். அந்த அளவுக்குத் தேறியிருந்தேன்.

"பெற்றோல் முடிஞ்சுதோ?" என்றார் சாந்தி.

"இல்லை, கிடக்கு. தாங்கி சீற்றுக்குக் கீழை. பம்ப் இல்லை, தானா வழிஞ்சுதான் எஞ்சினுக்குப் போகோணும். மூக்கு மேலை தூக்கினால் போகாது."

குகன் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஏறாவிட்டால் விற்பனை இல்லை. ஏறவில்லை என்று மேலே போய்ச் சொன்னால் போதும், கார் அவருடையது. எனக்கே அது புரிந்தது, அவருக்குப் புரியாதா? ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"விட்டுருங்களேன் அண்ணே. ஏறலைன்னு சொல்லிட்டுத் திரும்பிருவோம்."

 சாந்தி குகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இஞ்சருங்கோ," என்றார். "ராகுகாலத்திலை தேசிக்காய் நசிஞ்சதெல்லோ? அப்ப தொடங்கின காரியம் சரிவராது. திரும்புவம்."

"அது கணக்கில்லை எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"இப்ப கணக்கு எண்டு சொல்லுறன்."

"கொண்டுபோய் எங்கை விடுறது?"

"எங்கையாவது விடுவம். தார்ப்பாய் போட்டு மூடுவம். திருப்புங்கோ காரை."

குகன் இறங்கினார். மேலே நின்ற கிழவரைப் பார்த்தார். "அந்தாள் பாத்துக்கொண்டு நிக்கிறான் சாந்தி. ஏலாத கார் எண்டு நினைப்பான்."

"நினைக்கட்டுமே. உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"இது ஏலாத கார் இல்லையே."

காரைப் பின்னால் உருளவிட்டு, வயல் வாசல் ஒன்றில் திருப்பினார். மூக்கு பள்ளத்தாக்கைப் பார்த்தது. ஹாண்டிலைச் சுழற்றினார், உடனே பிடித்தது. நடுப் பெடலை மிதித்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டார். கார் பின்பக்கமாக ஏறத் தொடங்கியது. இப்போது தாங்கி மேலே, எஞ்சின் கீழே. இந்தக் கார் வைத்திருந்த மலைக்காரர்களெல்லாம் இப்படித்தான் ஏறினார்களாம். நான் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் பக்கத்தில் நடந்தேன். சாந்தி இருக்கையை இறுகப் பிடித்து, கண்ணை மூடி, முருகனைக் கூப்பிட்டார். ஓர் இருமல்கூட இல்லாமல் கார் மேலே போய், பின்புறத்தைக் காட்டியபடி வாசலில் நின்றது. கிழவர் கைதட்டினார்.

முற்றத்தில் குகன் அவருக்குப் பிரெஞ்சில் எல்லாவற்றையும் காட்டினார். பெடல், லீவர்கள், ஹாண்டில் பிடிக்கும்போது கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பது. கிழவர் தலையாட்டினார். எத்தனை காதில் ஏறியது என்று தெரியவில்லை. பாலாடைக்கட்டியும் ரொட்டியும் தந்தார். கையெழுத்து, கைகுலுக்கல். குகன் சாவியைக் கொடுத்தார்.

ரயில் நிறுத்தத்துக்கு அதே பாதையில் நடந்து இறங்கினோம். பாதி வழியில், மேலே ஹாண்டில் சுழலுகிற சத்தம் கேட்டது. எஞ்சின் பிடிக்கவில்லை. குகன் நின்றார்.

"ஸ்பாக் லீவரை மேலை தள்ள மறந்திட்டான்."

மறுபடி சுழற்றல். செருமல் ஒன்று, அவ்வளவுதான். குகன் முகத்தில் காலையிலிருந்து காணாத சிரிப்பு. "சோக்கை இழுக்கேல்லை. சொன்னனான், கேட்டால்தானே. இன்னும் ஒருக்கால் பாத்திட்டுக் கூப்பிடுவான், பாருங்கோ." மேல்நோக்கி இரண்டு அடி எடுத்தும் வைத்துவிட்டார்.

"போய்ச் சொல்லிக் குடுத்திட்டு வாங்கோவன்," என்றார் சாந்தி.

மூன்றாவது தரம் எஞ்சின் பிடித்தது. தடுமாறி, சமாளித்து, சீராக ஓடத் தொடங்கியது. சத்தம் முற்றத்தைச் சுற்றி வந்தது, நிற்கவில்லை.

குகன் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு பாதையோரப் புல்லில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சாந்தி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். நானும் மறுபக்கம் உட்கார்ந்தேன். 

"கூப்பிடுவான் எண்டு நினைச்சன்," என்றார் குகன்.

கீழே எங்கள் ரயில் வந்துவிட்டுப் போயிற்று. அடுத்தது வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.