சுவருக்குள் ஒரு துண்டு மரம்

வீடுகளுக்கு மரச்சட்டம் அடிக்கிற பிரேமிங் வேலையில் எனக்குப் பிடித்தது, வீடு வெறும் மரக்கூடாக நிற்கிற அந்தச் சில கிழமைகள்தான். அறைகள் இருக்கும், சுவர்கள் இருக்காது. குசினியில் நின்றபடி படுக்கையறையைப் பார்க்கலாம். கதவைத் தேடாமல் மரங்களுக்கு இடையால் நுழைந்து போகலாம். அஜக்ஸ் நகரில் ஒருமுறை, கூரை போடாத வீடொன்றில் நின்றபோது பனி கொட்டத் தொடங்கியது. யாரோ படுத்துறங்கப்போகிற அறைக்குள் அது சத்தமில்லாமல் வந்து இறங்கியது. சுத்தியலை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். பைன் மர வாசமும் பனியும் சேர்ந்தால் எனக்கு வேலை ஓடாது.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெட்டி மிஞ்சும் பலகைத் துண்டுகளை எறிய மனம் வராது. குளியலறைச் சுவரில், நிமிர்ந்து நிற்கும் இரண்டு மரங்களுக்கு நடுவே அவற்றைக் குறுக்காக வைத்து அடித்துவிடுவேன். என்றைக்காவது அந்த வீட்டில் ஒருவருக்குப் பிடித்து நிற்கக் கைப்பிடி தேவைப்பட்டால், திருகாணி இறுக்க உள்ளே மரம் வேண்டும். மரமில்லாத இடத்தில் பூட்டினால், பிடித்த ஆளோடு கழன்று வரும்.

எங்கள் போர்மனும் தமிழர்தான். “அண்ணை, பிளானில இல்லாத மரத்தை ஏன் அடிக்கிறியள்? ஆருக்குத் தெரியப்போகுது?” என்பார்.

“தெரியாட்டி என்ன, இருந்திட்டுப் போகட்டும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். கொஞ்ச நாளில் சுவரை மூடிவிடுவார்கள். நான் அடித்த மரங்களை நான் திரும்பப் பார்த்ததில்லை.

இப்போது நாங்கள் இருப்பது ரூஜ் பகுதியில், யாரோ கட்டி, யாரோ குடியிருந்து விற்ற வீடு. போன மாரியில் மனைவிக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்தவள் ஒரே பிடியாக நின்றாள்: குளிக்கும்போது நான் உள்ளே வரக்கூடாது. “நானே குளிப்பன். பிடிக்க ஒண்டு பூட்டித் தாங்கோ, காணும்.” இத்தனை வருடம் கூட வாழ்ந்தவனிடம் என்ன வெட்கம் என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் விளங்கியது, அது வெட்கமில்லை. தன் உடம்பு இன்னும் தன் சொல்லைக் கேட்கும் என்று அவள் தனக்கே காட்ட வேண்டியிருந்தது.

சுவர் முழுக்க மாபிள் கல். உடைக்காமல் உள்ளே இருப்பதை அறிய வழியொன்று உண்டு. சின்னக் காந்தத்தை நூலில் கட்டிச் சுவரோடு இழுத்தால், உள்ளிருக்கும் ஆணித் தலைக்கு நேரே வந்ததும் ஒட்டி நிற்கும். நிமிர்ந்த மரங்களில் ஆணிகள் மேலிருந்து கீழாக ஓடும். குறுக்காக ஓடினால்தான் நடுவில் ஒரு துண்டு இருக்கிறதென்று அர்த்தம்.

அவள் கொமோட் மூடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி. நான் வழக்கமாக அடிக்கிற உயரத்தில் இழுத்தேன், ஒன்றுமில்லை. திரும்பவும் இழுத்தேன். எந்த விசரன் கட்டினானோ என்று வாய்விட்டே திட்டினேன். இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நூலைத் தளர விட்டேன். காந்தம் மெல்லக் கீழே சறுக்கி ஓரிடத்தில் நின்றது. பக்கத்தில் வைத்தேன், அங்கேயும் ஒட்டியது. இன்னும் தள்ளி வைத்தேன், அங்கேயும். தட்டினேன், கனத்த சத்தம் வந்தது.

முகம் தெரியாத ஒருவன், பிளானில் இல்லாத மரத்தை அடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

“மரம் இருக்கோ?”

“ஓம். ஆனா நல்லாப் பதிவா, கீழ அடிச்சிருக்கிறான். வந்து கையை வையும் பாப்பம்.”

ஊன்றுகோலோடு எழும்பி வந்து கையை வைத்தாள். குனியவுமில்லை, எட்டவுமில்லை. அவளுக்கென்றே அளந்து வைத்ததுபோல இருந்தது.

“அடிச்சவரின்ர மனிசியும் என்னைப்போலக் கட்டையாக்கும்,” என்றாள்.

நான் இத்தனை வீடுகளிலும் அடித்தது என்னுடைய உயரத்துக்குத்தான்.

அடுத்த நாள் கைப்பிடியைப் பூட்டி, என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை நான் வெளியே சுவரில் கையை வைத்தபடி நின்றேன்.