இடது கண்ணில் நீர்

என்னிடம் உள்ள நாட்குறிப்புகளில் மிகப் பழையது, கோடு போட்ட எண்பது பக்க நோட்டு ஒன்று. அட்டையில் என் பெயருக்குக் கீழே ‘ஐந்தாம் வகுப்பு, அறிவியல்’ என்று இருக்கிறது. முதல் ஆறு பக்கங்களில் தாவரத்தின் பாகங்கள் இருக்கின்றன. ஏழாம் பக்கத்திலிருந்து என் அத்தையின் முகம் தொடங்குகிறது.

பங்குனி மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை அத்தை வாய் கொப்பளித்தபோது, தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தார். இடது புருவம் ஏறவில்லை, இடது கண் மூடவில்லை, வாய் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. அப்பா அப்போதே அவரைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு டாக்டரம்மாவிடம்தான் அத்தை இரண்டு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கி வந்தார். இது பக்கவாதம் இல்லை, முகத்துக்குப் போகும் நரம்பில் வீக்கம், பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், ஆனால் நாள் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னார். பத்து நாள் மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இடது கண்ணை மூடி ஒட்ட பிளாஸ்திரி.

நாள் பிடிக்கும் என்பதுதான் சிக்கல். அத்தை திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. புகுந்த வீடு வேண்டாம் என்று திரும்பி வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒலக்கூர் பக்கத்து எங்கள் ஊரில் அவரிடம் யாரும் அந்தப் பேச்சை எடுக்காததற்கு அந்த வேலைதான் காரணம். காலையில் எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும் பெண்ணிடம் யாரும் நின்று கேள்வி கேட்பதில்லை. முகம் கோணிய மூன்றாம் நாள் பள்ளித் தாளாளர் அவரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றார். ‘ப’வும் ‘ம’வும் உதடு ஒட்டாமல் காற்றாகப் போகிறது, அம்மா என்ற சொல்லையே சொல்ல முடியாதவர் அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றார். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் தன் எதிரில் முதல் பாடத்தை வாசித்துக் காட்டினால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்த அத்தை அழவில்லை. சோறு போட்டுக்கொண்டு, வலது பக்கமாகவே மென்று, தட்டைக் கழுவி வைத்தார். பிறகு என் அறிவியல் நோட்டை எடுத்து மீதிப் பக்கங்களில் நான்கு கட்டங்கள் போட்டார்: மருந்து, நேரம், நிலை, குறிப்பு.

“நீ எழுதுடி. விட்டுப்போவாம எழுதணும். கண்ணால இன்னா பாக்கறியோ அத மட்டும் எழுது” என்றார்.

‘நிலை’ என்ற கட்டத்துக்கு ஒரு வழிமுறை வைத்தோம். தினமும் காலை ஏழு மணிக்கு அத்தை பம்பரம், மாம்பழம், அம்மா என்று மூன்று சொல் சொல்வார். நான் பத்துக்கு மதிப்பெண் போடுவேன். முதல் நாள் இரண்டு. அத்தை நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு கூட ஜாஸ்தி” என்றார்.

இந்த நேரத்தில்தான் சித்தப்பா விழுப்புரத்திலிருந்து வந்தார். அப்பாவுக்கும் அத்தைக்கும் இளையவர். அங்கே சைக்கிள் உதிரிபாகக் கடை ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வருடம் அக்குபஞ்சர் வகுப்புக்கும், அது முடிந்ததும் கையால் சக்தி கொடுக்கும் வகுப்பு ஒன்றுக்கும் போனார். ஊசி போட வெள்ளரிக்காயில் பழகினார். அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு அவர் வாங்கி வந்த வெள்ளரிக்காய் எதுவும் துளையில்லாமல் இருந்ததில்லை.

அத்தைக்குத் தானே ஊசி போடுவதாகச் சித்தப்பா சொன்னார். அப்பாவுக்கு இதெல்லாம் ஆகாது. களத்தில் மல்லாட்டைக் கடலை காய வைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்:

“வெள்ளரிக்காயக் குத்திக்கினு இருந்தவன் கையில என் தங்கச்சி மூஞ்சியக் குடுக்கச் சொல்றியா?”

“வெள்ளரிக்காய் இதுவரைக்கும் ஒண்ணும் கொற சொல்லலண்ணா” என்றார் சித்தப்பா.

“அதுக்கு வாயிருந்தா சொல்லியிருக்கும். ஒண்ணு டாக்டர் மருந்து, இல்ல உன் ஊசி. ரெண்டும் ஒண்ணா வேணாம்.”

சித்தப்பாவும் அதையேதான் மறுபுறமிருந்து சொன்னார். மாத்திரை உள்ளே போனால் உடம்பின் சக்தி ஓட்டம் தடைப்படும், ஊசி வேலை செய்யாது என்றார். இருவரும் பேசி ஓயும்வரை அத்தை மல்லாட்டையைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, காற்று வெளியே போகாமல் இடது உதட்டை விரலால் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“மாத்திரையும் சாப்பிடுவேன். ஊசியும் குத்திக்குவேன். ஸ்கூல் தொறக்கறப்போ நான் அங்க நிக்கணும். உங்க ரெண்டு பேர் சண்டைய அதுக்கப்புறம் வெச்சிக்கங்க.”

அப்படித்தான் நடந்தது. ஞாயிறும் புதனும் நானும் அத்தையும் பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் போவோம். ஸ்டேஷன் பக்கத்தில் சித்தப்பாவின் ஒற்றை அறை. ஊசிகளை இருபது நிமிடம் கொதிக்க வைப்பார். கன்னத்தில் மூன்று, புருவத்துக்கு மேல் ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்று என்று நான் எண்ணி எழுதினேன். ஊசிகளை எடுத்த பிறகு கை வைத்தல். காற்று சக்தியைக் கலைக்கும் என்று மின்விசிறியை நிறுத்துவார். அத்தையின் கன்னத்தைத் தொடாமல், ஒரு விரற்கடை தள்ளி, இரண்டு உள்ளங்கைகளையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். யாரும் பேசக் கூடாது. அலாரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான் வேர்த்து உட்கார்ந்திருப்பேன். இருபதாவது நிமிடம் நான் தொண்டையைக் கனைக்க வேண்டும். முதல் நாள் குறிப்பில் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது வைத்தியம் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெருமுக்கல் மலையடியில் வேர் மருந்து கொடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். அத்தை என்னை மட்டும் அழைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போனார். அந்த அம்மா முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இடித்த பொடியைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். காலையும் மாலையும் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டும்.

“இன்னா மருந்துங்க?” என்று அத்தை கேட்டார்.

“பேரக் கேக்காத. பேரச் சொன்னா வேல செய்யாது. இதக் குடிக்கறன்னு இன்னொருத்தர்கிட்ட சொன்னாலும் வேல செய்யாது. வேற மருந்து எதுனா சாப்படறியா?”

“இல்லீங்க” என்றார் அத்தை. கூசாமல் சொன்னார்.

வரும் வழியில் என்னிடம் சத்தியம் வாங்கினார். எழுதலாம், சொல்லக் கூடாது. கஷாயத்துக்கு நோட்டில் ‘க’ என்று மட்டும் போட்டேன். கண்ணால் பார்ப்பதை மட்டும் எழுதச் சொல்லியிருந்தாலும், நான் அதில் ஒரு மடக்கு குடித்துப் பார்த்துவிட்டு, குறிப்பில் ‘இனிப்பு, பின்னால் லேசாகக் கசப்பு’ என்று எழுதினேன். இனிப்பாக இருந்ததால் அடுத்தடுத்த நாள்களிலும் ஒவ்வொரு மடக்கு குடித்தேன். அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன்.

சித்திரை முடியும்போது மதிப்பெண் ஐந்துக்கு வந்தது. பம்பரம் கிட்டத்தட்டப் பம்பரமாக ஒலித்தது. வைகாசி இரண்டாம் வாரம் அத்தையின் இரண்டு கால்களும் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து நின்றது. தலை பாரமாக இருக்கிறது என்றார். ஒரு காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனவர், கையில் வலுவில்லாமல் அப்படியே வைத்துவிட்டார்.

அப்பா ஊசிதான் காரணம் என்றார். சித்தப்பா மாத்திரைதான் காரணம் என்றார். இந்த முறை அத்தையால் இடையில் புகுந்து பேச முடியவில்லை. இருவருமே அவரைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனார்கள். வழியெல்லாம் சண்டை. நான் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூடப் போனேன்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். நம்பாதவர் போல மறுபடியும் பார்த்தார்.

“பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?”

“சாப்பிடறேங்க.”

“வேற எதுனா?”

“ஊசி குத்திக்கறாங்க” என்றார் அப்பா, காத்திருந்தவர் போல.

“அது தெரியுது, கன்னத்துல புள்ளி இருக்கு. வாய்வழியா வேற எதுனா சாப்பிடறீங்களா?”

“இல்லீங்க” என்றார் அத்தை. பெருமுக்கல்லில் சொன்னதே போல, கூசாமல்.

நான் அவர் கால்களைப் பார்த்தேன். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. சத்தியம் செய்தது சொல்லக் கூடாது என்பதற்குத்தான், காட்டக் கூடாது என்பதற்கு இல்லை என்று ஒரு கணக்குப் போட்டேன். அது சரியான கணக்கு இல்லை என்று அப்போதே தெரியும். இருந்தாலும் நோட்டை எடுத்து டாக்டரின் மேசைமேல் விரித்து வைத்தேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தின் ஒரு பாதியில் மட்டும் கோபம் தெரிந்தது.

டாக்டர் பக்கம் பக்கமாகப் படித்தார். “இந்த ‘க’ இன்னாம்மா?”

நான் அத்தையைப் பார்த்தேன். கடைசியில் அத்தையே தலையைக் குனிந்துகொண்டு, “கஷாயம்” என்றார். அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் முதல் முறையாக இருவருக்கும் ஒரே எண்ணம்.

“எதுல வெச்ச கஷாயம்?”

“ஏதோ வேருப் பொடிங்க. பேரு சொல்லலீங்க. சொன்னா வேல செய்யாதாம்.”

டாக்டர் நோட்டை மறுபடி பார்த்தார். “இனிப்புன்னு எழுதியிருக்கே. எப்படித் தெரியும்?” என்று என்னைக் கேட்டார்.

“நானும் குடிச்சேங்க. சக்கர மாதிரி இல்ல. வெறும் பொடியே இனிக்கும்.”

“அதிமதுரமா இருக்கும்” என்றார். தொண்டைக்கட்டுக்கு ஒரு துண்டு சப்புவதில் தவறில்லை, அழுத்தம் உள்ளவர் வாரக்கணக்கில் தினமும் இரண்டு வேளை குடித்தால் அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், கைகால் வலுவைக் குறைக்கும் என்று விளக்கினார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். கஷாயத்தை அன்றே நிறுத்தச் சொன்னார். “வேற வைத்தியம் போறது தப்புன்னு நான் சொல்லல. எங்கிட்ட மறைக்கறதுதான் தப்பு” என்றார். சித்தப்பாவிடம் ஊசியை எப்படிச் சுத்தம் செய்கிறார் என்று விசாரித்தார். குணமாகும் என்று தான் உறுதி சொல்ல முடியாது, சுத்தமாகச் செய்தால் தடுக்கவும் மாட்டேன் என்றார்.

“இந்தக் கை வெக்கறதாவது நிக்கட்டுங்க. பேஜாரு” என்றார் அப்பா.

டாக்டரின் விரல் நோட்டில் ஓர் இடத்தில் நின்றிருந்தது. முந்தைய பக்கங்களைத் திருப்பினார், அங்கும் விரலை ஓட்டி ஒரு வரியில் நிறுத்தினார். அத்தையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

“அது மட்டும் கண்டிப்பா நடக்கட்டும்” என்றார். “இருபது நிமிஷம்னு எழுதியிருக்கு. அரை மணி நேரமாவே இருக்கட்டும்.”

சித்தப்பாவுக்கு வந்த பெருமை கொஞ்சமில்லை. படித்த டாக்டரே சக்தியை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று விழுப்புரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு வந்து எதிரில் உட்கார்ந்து, “பம்பரம்” என்றார்.

இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. பள்ளி திறந்த அன்று மதிப்பெண் எட்டு. தாளாளர் எதிரில் அத்தை முதல் பாடத்தை வாசித்தார், உதட்டில் விரல் வைக்காமல். ஒரே ஓர் இடத்தில் காற்று போனது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போய்ப் பலகையில் பெரிதாக ‘ப’ எழுதிவிட்டார். பிள்ளைகள் யாரும் பயப்படவில்லை. குணமானது மாத்திரையால் என்று அப்பாவும், ஊசியால் என்று சித்தப்பாவும் சொல்லிக்கொண்டார்கள். பெருமுக்கல் அம்மாவும் தன் பொடியால்தான் என்று சொன்னதாகக் கேள்வி.

போன வாரம் பழைய நோட்டுகளை வரிசைப்படுத்தும்போது இதை முழுதாகப் படித்தேன். மூடாத கண்ணில் நீர் வடிவது அந்த நோயின் அறிகுறி. அதனால் ‘இடது கண்ணில் நீர்’ என்று தினமும் எழுதியிருக்கிறேன். ஞாயிறு, புதன் பக்கங்களில் மட்டும், கை வைத்தலுக்கு எதிரே, ‘இரண்டு கண்ணிலும் நீர்’ என்று இருக்கிறது. தவறாமல் இருக்கிறது. டாக்டரின் விரல் நின்ற இடம் அதுதான். மின்விசிறி ஓடாத அந்த அறையில், ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, ஒருவர் கடிகாரத்தைப் பார்க்க, அத்தைக்கு வாரத்தில் இரண்டு முறை கிடைத்தது இருபது நிமிடம். நோய் வலது கண்ணுக்கும் பரவுகிறதோ என்று பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன்.

கடைசிப் பதிவு பள்ளி திறந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. ‘கை வைத்தல் அரை மணி நேரம். இடது கண்ணில் நீர் கொஞ்சம். வலது கண் மருந்து எதுவும் போடாமலே சரியாகிவிட்டது. காரணம் தெரியவில்லை’ என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருக்கிறேன்.