மூன்று வாளி உப்பும் சுபைதா ராத்தாவின் பவளங்களும்

1. கடற்கரை ஊருக்கு வந்த உப்பு

கொழும்பு பஸ்ஸிலிருந்து நான் முதன்முதல் உப்பு வாளி இறக்கிய அன்று கல்முனை பஸ் ஸ்டாண்டே சிரித்தது.

"என்ன காக்கா வாளிக்குள்ள?" என்று கொண்டக்டர் கேட்டான். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

"உப்பு."

"உப்பா? கடலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு கொழும்பில போய் உப்பு வாங்கிற முதல் ஆள் நீங்கதான்!"

அவன் சிரித்ததில் பிழையில்லை. என் தொழில் அப்படி. கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டலில் ஒன்பது வருஷம் கடல்மீன் தொட்டிகளைப் பராமரித்தேன். சுனாமி எங்கள் வீட்டை அள்ளிக்கொண்டு போன அடுத்த வருஷம், போதும் என்று ஊருக்கு வந்து, சாய்ந்தமருதில் சின்னதாக ஒரு மீன்தொட்டிக் கடை போட்டேன். மீனோடு பவளமும் வளர்க்கிற தொட்டிக்குக் கரையில் அள்ளுகிற தண்ணீர் சரிவராது. மாரி மழைக்கு உப்பு குறையும், ஆற்றுவாய் வெட்டினால் சேறு கலக்கும். அதனால் செயற்கைக் கடல் உப்பை வாங்கி, வடிகட்டிய நல்ல தண்ணீரில் கரைத்து, நாங்களே கடல்தண்ணீர் செய்துகொள்வோம்.

இதை மனிதர்களுக்கு விளங்கப்படுத்தலாம். செக்பொயின்டில் விளங்கப்படுத்துவதுதான் பெரும்பாடு. யுத்தம் முடியாத காலம், வாளி நிறைய வெள்ளைத் தூள். ஒருமுறை ஒரு ஆமிக்காரர் என்னை இறக்கி, மூடியைத் திறக்கச் சொல்லி, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் கோணியது. அந்த உப்பில் மக்னீசியம் இருக்கிறதே, கசக்கும்.

"லுணு?" என்றார். உப்பா என்று கேட்கிறார்.

"ஓம் சேர், மீனுக்கு."

அவர் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தெரிந்த தமிழில் கேட்டார். "ஒங்க ஊர்ல கடல் இல்லயா?"

பஸ்ஸில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றைக்கு வாளி தப்பியது.

2. ஹாஜியாரின் இரண்டு கண்டிசன்

நிந்தவூரில் அரிசி மில் வைத்திருந்த ஒரு ஹாஜியார் ஒருநாள் கடைக்கு வந்தார். சத்தமாகக் கதைக்கிற, கை நிறையக் கொடுக்கிற மனிதர். சுனாமிக்குப் பிறகு கடற்கரை வளவை விட்டுவிட்டு, மெயின் ரோட்டுக்கு மேற்கே வயல் பக்கமாக வீடு கட்டியிருந்தார்.

"தம்பி, ஆறு அடியில ஒரு தொட்டி வேணும். மீன், பவளப் பூ எல்லாம் இருக்கோணும். ரெண்டு கண்டிசன். ஒண்டு, அந்தக் கடல்ட தண்ணி ஒரு சொட்டும் வரப்படாது. அது என்ட ஊட்டுக்குள்ள ஒருக்கா வந்தது போதும். மற்றது, ஒரு மீனும் மௌத்தாகப்படாது."

"முதலாவதுக்கு நான் பொறுப்பு ஹாஜியார். ரெண்டாவது அல்லாட கையில."

தொட்டி அவருக்கில்லை, அவருடைய மனைவி சுபைதா ராத்தாவுக்கு. ராத்தா என்றால் அக்கா. சுனாமியில் ராத்தாவின் தங்கச்சி மௌத்து. அதற்குப் பிறகு அவர் கடற்கரைக்குப் போகவில்லை. ஒரு வருஷத்துக்கு வீட்டில் மீன்கறியே இல்லை. பிறகு கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே இருந்த கடல்மீன் தொட்டிக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றாராம். தன் நம்பரைக் கூப்பிட்டதுகூடக் கேட்கவில்லையாம். ஹாஜியார் அதைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

தொட்டியை வைத்தேன். அனுமதியோடு வளர்த்து விற்கிற பவளத் துண்டுகளைக் கொழும்புக் கடையில் எடுத்து ஒட்டினேன். முதல் இரண்டு மாதமும் ராத்தா கதிரையைப் போட்டுத் தூரத்தில் இருந்துதான் பார்த்தார். மூன்றாம் மாதம் தீன் போடுகிற வேலையை என்னிடமிருந்து பறித்துக்கொண்டார். ஒரு கோமாளி மீனுக்கு, எந்த நேரமும் வாயை ஆட்டுவதால், ஹாஜியாரின் பெயரை வைத்தார். ஹாஜியார் அதற்கும் சிரித்தார்.

3. நுனி வெளுத்தது

நான் வழக்கமாக வாங்குவது நீல வாளி உப்பு. யுத்தத்தின் கடைசி மாதங்களில் அது கொழும்பிலேயே தட்டுப்பாடு. அதனால் வேறொரு கொம்பனியின் வெள்ளை வாளியை எடுத்தேன். திறந்த அன்று கரைத்து அளந்தேன், எல்லாம் சரி. கிழமைக்கொருக்கா, ஏழு நாளைக்கு ஒருமுறை, தொட்டியில் காற்பங்கு தண்ணீர் மாற்றுவேன். ஒன்றரை மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ முடிந்து வரும்போது ஹாஜியார் போனில் கோல் எடுத்தார். "தம்பி, பூவெல்லாம் வெளுக்குது. கெதியா வா."

போய்ப் பார்த்தேன். ஊதா நிறப் பவளங்களின் நுனிகள் எரிந்ததுபோல் வெள்ளையாகக் கிடந்தன. ராத்தா தொட்டியைப் பார்க்கவில்லை, யன்னல் பக்கம் திரும்பி இருந்தார்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. நான் தீன் போடத் தொடங்கின பிறகுதான் இப்படி. கடலோட சம்பந்தப்பட்டது ஒண்டும் எனக்குச் சரிவராது."

தப்பிக்கிறதுக்கு ஒரு வார்த்தை தேடினேன். "கொம்பனி பிழை ராத்தா. அந்த வெள்ளை வாளி உப்பு கூடாது" என்றேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது.

"அப்ப அதை வீசு! ஆகத் திறமான உப்பைக் கொண்டு வா!" என்றார் ஹாஜியார்.

4. நாலாவது பேசின்

என் மனைவி பரீதா ஏ.எல். பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிற டீச்சர். நடந்ததைச் சொன்னேன்.

"ஆகத் திறமானது எது?" என்றாள்.

"இன்டர்நெட்டில எல்லாரும் நீல வாளியைத்தான் சொல்றாங்க."

"இன்டர்நெட் நம்மட வாளியைத் திறந்து பார்த்ததா? மூண்டையும் அளந்து பாருங்க."

நீல வாளி ஒன்று, புது வெள்ளை வாளி ஒன்று, சிவப்பு மூடி போட்ட மலிவு வாளி ஒன்று, மூன்றையும் எப்படியோ எடுப்பித்தேன். குசினி மேசையில் மூன்று பேசின். மூன்றிலும் ஒரே தண்ணீர், ஒரே அளவு உப்புச்செறிவு. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பம்ப் போட்டு ஒரு நாள் ஓடவிட்டோம். அன்றைக்குச் சோறு தரையில் பாய் விரித்துத்தான்.

அடுத்த நாள் கல்சியம், மக்னீசியம், கேஎச் மூன்றையும் அளந்தோம். கேஎச் என்பது தண்ணீரில் கரைந்திருக்கிற காபனேற்றின் அளவு. பவளம் தன் கூட்டைக் கட்டுவதற்கு அது வேணும். ஆனால் திடீரென்று ஏறினால் நுனி வெந்து வெளுத்துவிடும். அளக்கிறது லேசு. சொட்டு மருந்து விட, எத்தனையாவது சொட்டில் நீலம் மஞ்சளாகிறதோ அதுதான் கணக்கு.

நீல வாளி எட்டு. ஒரு மணித்தியாலத்திலேயே கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. சிவப்பு மூடி ஏழு. மக்னீசியம் குறைவு, பேசினைச் சுற்றி மண்ணிறத்தில் ஒரு படை. நான் குற்றம் சொன்ன வெள்ளை வாளி? அதுவும் எட்டு. தெளிவிலும் நீலத்துக்குச் சளைக்கவில்லை.

"இதில என்ன பிழை?" என்றாள் பரீதா. "ஹாஜியார்ட தொட்டியில எவ்வளவு?"

"அண்டைக்குப் போனபோது அளந்தன், பதினொண்டு."

"எட்டை ஊத்தினா பதினொண்டு எப்படி வரும்? அந்தப் பழைய வாளி எங்க?"

வீசச் சொன்ன வாளி கடைக்குப் பின்னால் கிடந்தது. அடியில் இரண்டு கோப்பை அளவு மிச்சம். நாலாவது பேசினில் அதைக் கரைத்தோம். சொட்டு விட்டேன். எட்டில் மாறவில்லை. பத்தில் மாறவில்லை. பதினாலாவது சொட்டில்தான் மஞ்சளானது.

ஒரே கொம்பனி உப்பு. மேலே எட்டு, அடியில் பதினாலு.

அப்போதுதான் விளங்கியது. உப்பு ஒரே தூள் இல்லை, பல தூள்களின் கலவை. கொழும்பிலிருந்து அந்த ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வரும்போது கேஎச்சைக் கூட்டுகிற மெல்லிய தூள் கீழே இறங்கியிருக்கிறது. நான் கலக்காமல் மேலிருந்து அள்ளிக்கொண்டே போனேன். முதல் கிழமைகளில் சரி, அடிக்குப் போகப் போக ஒவ்வொரு கிழமையும் கூடிய கேஎச். திறந்த அன்று ஒருமுறை அளந்ததோடு விட்டதும் நான்தான். கட்டாரில் ஒவ்வொரு தடவையும் அளந்த கை, ஊருக்கு வந்ததும் சோம்பலாகிவிட்டது.

"போய்ச் சொல்லுங்க" என்றாள் பரீதா.

"கொம்பனி எண்டு ஏற்கெனவே சொல்லிட்டேனே."

"அதனாலதான் போய்ச் சொல்லச் சொல்றன்."

5. ராத்தாவிடம் சொன்னது

போகிற வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஹாஜியார் வாசலில் நின்றார். வாளி, தூள், குலுக்கம் என்று தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அரிசியைக் குலுக்கினா நொறுங்கின குருணல் கீழ போகும். இது என்ட மில்லில தினம் நடக்கிற வேலை. இதைக் கண்டுபிடிக்க உனக்கு ஒரு டீச்சர் வேண்டியிருந்ததா?" என்று கூரை அதிரச் சிரித்தார்.

உள்ளே யன்னலடியில் இருந்த ராத்தா சிரிக்கவில்லை. "அப்ப நான் தீன் போட்டதால இல்லையா?" என்றார்.

"இல்ல ராத்தா. நீங்க ஒரு பிழையும் செய்யல்ல. கொம்பனியும் செய்யல்ல. என்ட பிழை."

அவர் கதிரையை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அப்படியெண்டா எடுத்துட்டுப் போகாதீங்க" என்றார்.

உப்பை வாளியோடு முற்றத்தில் உருட்டிக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி, கேஎச்சை எட்டுக்கு இறக்க இரண்டு கிழமைக்கு மேல் சென்றது. ஒரு பவளம் பிழைக்கவில்லை. மற்றவை நுனியில் திரும்பவும் ஊதா பூத்தன. அந்த நாட்களில்தான் யுத்தம் முடிந்துவிட்டதென்று ரேடியோவில் சொன்னார்கள். பிறகு பாசிக்குடாப் பக்கமும் அறுகம்பேப் பக்கமும் ஹோட்டல்கள் எழும்பின, எனக்கும் வேலை கூடியது.

ராத்தா அளக்கவும் பழகிக்கொண்டார். என்னைவிடக் கண்டிப்பு. புது வாளியோடு போனால் வாசலிலேயே ஒரு போத்தலில் கரைத்துச் சொட்டு விடுவார். "பத்து காட்டுது தம்பி. நல்லா உருட்டிட்டு வாங்க" என்று, மில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, திருப்பி அனுப்பிய நாளும் உண்டு. உருட்டினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கச்சிகளுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயம் இருக்கிறது. உப்பை வாளியின் பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள், கரைத்த தண்ணீரை ஒவ்வொரு தடவையும் அளந்து ஒப்பிடுங்கள். மற்றது, பிழை உங்களுடையது என்று தெரிந்த உடனே வாய் திறந்து சொல்லுங்கள். நான் கொம்பனியைச் சொன்னது ராத்தாவுக்கு ஆறுதலாகவே இருக்கவில்லை. நானும் பரீதாவும் மேசையில் சொட்டு எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் முழுக்க, அந்த மனுசி என் பிழையைத் தன் பிழையென்று நினைத்துத் தொட்டிப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறார்.