கரண்டு போன நேரத்து நாயனம்

தறி நின்றதும் முதலில் காதில் விழுவது எண்ணெய் சொட்டுகிற சத்தம்தான். சக்கரத்துக்கு அடியில் அப்பா வைத்திருக்கும் தகர டப்பாவில் ஒரு சொட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. அதற்கு அப்புறம்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவதும், குழாயடியில் யாரோ யாரையோ ஏசுவதும், கூரைமேல் காக்கா நடப்பதும் ஒவ்வொன்றாக வந்து சேரும். ராஜபாளையத்தில் நான் பிறந்த தெருவில் வீட்டுக்கு இரண்டு தறி, நாலு தறி என்று போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்தார்கள். விடியுமுன்னே பட்டனைத் தட்டினால் அந்தத் தெருவே ஓடுகிற ரயிலுக்குள் இருப்பதுபோல அதிரும். சுவரில் மாட்டிய கண்ணாடியில் முகம் ஆடும். அம்மா சாப்பிடக் கூப்பிடுவதென்றால் தோளில் தட்டித்தான் கூப்பிடுவாள். "கரண்டு போனால்" மட்டும்தான் எல்லாம் ஒரே அடியாய் நிற்கும்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களுக்கு அவர் "சைக்கிள் மாமா". பஞ்சர் ஒட்டக் கரண்டு எதற்கு? அவருடைய ரேடியோவும் பேட்டரியில் ஓடியது. அது காலை முழுக்கப் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, தறி ஓடும்போது யாருக்கும் கேட்காது, அவ்வளவுதான். கரண்டு போன நிமிஷம், எண்ணெய் சொட்டுக்கும் காக்காவுக்கும் பின்னாலிருந்து நாயனம் வரும். தறிக்கு வேண்டிய நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். அது என்ன ராகம் என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. மேலே மேலே ஏறிப் போய், இனி ஏற இடமில்லை என்கிற இடத்தில் நின்று, ஒற்றை இழையாய் மெலிந்துகொண்டு வரும்போது தெருக்கோடியில் ஒரு குரல் கேட்கும்: "வந்துருச்சு!"

கரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். தெரு முழுக்கச் சந்தோஷம். எல்லாத் தறியும் ஒன்றாய்க் கிளம்பும், நாயனம் இருந்த இடம் தெரியாது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு முகம் தொங்கிப்போனது தெருவில் இரண்டே பேருக்குத்தான், எனக்கும் சைக்கிள் மாமாவுக்கும். அவர் ரேடியோவைப் பார்த்து, "போயிந்தி" என்பார். தெலுங்கில், போய்விட்டது என்று. ஒருநாள் அவரிடமே போய், அந்த நாயனம் எப்படித்தான் முடியும் என்று கேட்டேன். "நான் எங்கலே கேட்டேன்? கடையில ரேடியோ என்னோடது, சத்தம் உங்க வீட்டுதுல்லா" என்றார். அப்பாவிடம் சொன்னதற்கு, "தறி ஓடுற சத்தம் கேக்குதுல்ல, அப்ப சோறு உண்டு. பேசாம தாரச் சுத்து" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னதும் தப்பில்லை.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாலு தறிக்காரன் மகன் நாற்பத்தெட்டுத் தறிக்கு முதலாளி ஆனேன், சத்திரப்பட்டியிலிருந்து சேத்தூர் வரைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நூலை நகத்தில் வைத்து இழுத்தால் என்ன ரகம் என்று சொல்லுவேன். ஷெட்டுக்கு வெளியே கட்டிலில் கண்ணை மூடிப் படுத்தபடியே, மூன்றாவது வரிசையில் ஏழாவது தறியில் நட்டு லூசாகிவிட்டது என்று சொல்லுவேன், மெக்கானிக் போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். "முதலாளி காது பாம்புக்காது" என்று ஆட்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வதையும் இதே காதால்தான் கேட்டேன். இத்தனையும் சம்பாதித்தவனுக்கு ஒரு நாயனத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்க நேரம் வாய்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கல்யாணத்தன்று நாயனக்காரர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்தார். பெண்ணைப் பார்க்காமல் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த உச்சியில் ஐயர் கையைத் தூக்கி "கெட்டிமேளம்" என்றார். அத்தோடு அதுவும் போயிந்தி.

போன வருஷம் ஷெட்டை மருமகன் கையில் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். இனி போனில் நாயனமாய்க் கேட்டுத் தள்ளலாம் என்று பார்த்தால், நான் வைக்கிற சத்தத்துக்குத் தெருவே வந்து எட்டிப் பார்க்கிறது. என் சம்சாரம் பேச்சியம்மாள் வன்னியம்பட்டிக்காரி, வயற்காட்டில் வளர்ந்தவள், சத்தம் ஆகாது. "கேக்கதுன்னா நல்லதா ஒரு ஹெட்போன் வாங்கிக் கேளுங்க, எங்களையும் சேத்துக் கேக்க வைக்காதீக" என்றாள். வாங்குவதென்றால் கடையிலேயே உசத்தியானதுதான் வாங்குவேன் என்று அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மூன்று ரகத்தை எடுத்து வைத்தார். ஒன்று காதை முழுசாக மூடுவது. ஒன்று வலை வைத்துத் திறந்தாற்போல இருப்பது, நல்ல காற்றோட்டமாய்க் கேட்குமாம், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் கொஞ்சம் ஒழுகும் என்றார். மூன்றாவதுதான் உசத்தி. வெளிச்சத்தத்தைத் தானே அடக்கிவிடுமாம். அதை மாட்டிப் பட்டனை அமுக்கினார். பஸ் ஹாரன், கண்டக்டர் குரல், தலைக்குமேல் ஓடிய ஃபேன், எல்லாம் ஒரே அடியாய் நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கரண்டு போனது மாதிரியே இருந்தது. எண்ணெய் சொட்டத்தான் போகிறது என்று காத்திருந்தேன்.

சொட்டவில்லை. "ஙீ" என்று ஒரு சத்தம்தான் வந்தது, பேரிங் தேய்ந்த மோட்டார் போல. கழற்றி, பீஸ் சரியில்லை, மாற்றுங்கள் என்றேன். அவர் சீல் உடைத்து வேறு பீஸ் தந்தார். அதிலும் அதே சத்தம். மூன்றாவதிலும் அதே. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பத்தெட்டுத் தறியைச் சத்தத்தாலேயே மேய்த்தவனிடம் பழுதான சரக்கைத் தள்ளப் பார்க்கிறீரா, உள்ளே மோட்டார் இரைகிறது, கம்பெனிக்காரனை வரச் சொல்லும் என்று கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கடைக்காரர் நல்ல மனுஷன். தன் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல மோட்டாரே கிடையாது" என்றார் மெதுவாக. நான் நம்பவில்லை. அதை வாங்கிப் பேச்சியம்மாள் தலையில் மாட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு செத்த நேரம் நின்றாள்.

"என்ன கேக்கு?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கல."

"நல்லாக் கேளுட்டி. ஙீன்னு வரும் பாரு."

அவள் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இது எம்புட்டு நாளா இருக்கு உங்களுக்கு?" என்றாள்.

எம்புட்டு நாள் என்று நான் எதைச் சொல்ல? எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சத்தமே இல்லாத இடத்தில் உலகம் இப்படித்தான் இரையும் என்று அறுபது வருஷமாக நம்பியிருந்தேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பெட்டி மாதிரி ஒரு அறையில் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். எந்தப் பரீட்சையிலும் தோற்கக் கூடாது என்று அமுக்கிக்கொண்டே இருந்தேன். சத்தமே கொடுக்காத நேரத்தில்கூட அமுக்கியிருக்கிறேன் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். அவர் காட்டிய படத்தில் கோடு ஒரு பக்கம் நேராகப் போய், அப்புறம் மலைச்சரிவு மாதிரி விழுந்தது. சரிவுக்கு அந்தப் பக்கம்தான் மெல்லிய சத்தம், உச்சிச் சத்தம் எல்லாம் இருக்கிறதாம். சின்ன வயதிலிருந்தே தறியடியில் கிடந்த காது, போனது திரும்பாது, இரைச்சலையும் பழகிக்கொள்ளத்தான் வேண்டும் என்றார். எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, மெட்ராஸில் பெரிய டாக்டர் இருக்கிறாரா என்றேன். அங்கேயும் இதையேதான் சொல்லுவார்கள் ஐயா என்றார்.

திரும்பக் கடைக்குப் போனோம். எதை வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான பேல் நூலைத் தொட்டுப் பார்த்து வாங்கியவன், மூன்று ஹெட்போனுக்கு முன்னால் கைகட்டி நின்றேன். உசத்தியானது ஆகாது, அதற்குள் என் இரைச்சல் மட்டும்தான் இருக்கிறது. பேச்சியம்மாள் மூன்றையும் மாட்டி, ஒரே நாயனத்தை மூன்று தரம் நிதானமாகக் கேட்டுவிட்டு, வலை வைத்த அந்தத் திறந்த ரகத்தை எடுத்தாள். ஃபேன் சத்தம் உள்ளே வந்தால் உங்கள் இரைச்சல் கொஞ்சம் மறையும், நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளலாம் என்றாள். சரியா தப்பா என்று பார்க்க என்னிடம் காது இல்லை. சரி என்றேன்.

நான் பிறந்த தெருவில் இப்போது ஒரு தறியும் கிடையாது, எல்லாம் ஊருக்கு வெளியே ஷெட்டுக்குப் போய்விட்டது. சைக்கிள் மாமா காலமாகிப் பல வருஷம். கரண்டு போனாலும் இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்கிறது, "வந்துருச்சு" என்று சொல்ல ஆள் இல்லை, சொல்ல அவசியமும் இல்லை. இனி என் நாயனத்தை நடுவில் நிறுத்துவார் யாருமில்லை.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பேச்சியம்மாள் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தவில் நன்றாகக் கேட்டது, நாயனமும் கீழ்ச்சத்தத்தில் நன்றாகத்தான் இருந்தது. அது மேலே ஏற ஏற நானும் கூடவே ஏறினேன். உச்சிக்குப் போய், மெலிந்து, ஒற்றை இழையாய் இறங்க ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்த இழையைப் பிடித்தபடியே போய்க்கொண்டிருந்தேன். என்ன மூச்சு இந்த மனுஷனுக்கு, விடமாட்டேன் என்கிறானே என்று தலையை ஆட்டினேன்.

பேச்சியம்மாள் தோளில் தட்டினாள்.

"கழட்டுங்க. அது முடிஞ்சு செத்த நேரமாச்சு."